வாட்டு என்னும் அளவை: ஒலிபெருக்கியின் ஆற்றலைக் கணக்கிட்ட வரலாறு

தமிழர் ஒலியை அளந்த மரபு பழமையானது. எழுத்தொலி நிற்கும் காலத்தைக் கண்ணிமைக்கும் பொழுதாலும் கைநொடிக்கும் பொழுதாலும் அளந்து, அதற்கு மாத்திரை என்று பெயரிட்டார் தொல்காப்பியர். இசைநூலார் ஒலியின் உயர்வு தாழ்வுகளை மெலிவு, சமன், வலிவு என மூன்று நிலையாக வகுத்தனர். ஒலி செல்லும் தொலைவுக்கும் நம் முன்னோரிடம் ஓர் அளவை இருந்தது. அதுவே கூப்பிடு. ஒருவன் கூவி அழைத்தால் மற்றொருவன் செவியில் விழும் தொலைவு கூப்பிடு எனப்பட்டது. 4 கூப்பிடு கொண்டது 1 காதம் என்று பழைய கணக்கு வாய்பாடுகள் கூறும். மனிதக் குரலையே அளவுகோலாக்கி நிலத்தை அளந்தனர் என்பது எண்ணி மகிழத்தக்கது.

குரல் எட்டாத இடத்திற்கு முரசு வேண்டியிருந்தது. மணிமேகலையின் முதற் காதையாகிய விழாவறை காதையில், இந்திர விழாச் செய்தியை நகரத்தார்க்கு அறிவிப்பவன் யானைப் பிடரில் முரசை ஏற்றி அறைந்து செல்கின்றான். மலாயாவின் இரப்பர்த் தோட்டங்களிலோ, விடியுமுன் தப்பொலியும் மணியோசையும் தொழிலாளரைப் பெரட்டுக் களத்திற்கு அழைத்தன. அவற்றை அடுத்து வந்தது ஒலிபெருக்கி. இன்று ஈப்போவிலும் சுற்றுப்புறங்களிலும் திருவிழா நடத்தும் ஆலயக் குழுவினர் ஒலிபெருக்கி வாடகைக்குப் பேசும்போது முதலில் கேட்கும் கேள்வி, “எத்தனை வாட்டு?” என்பதே. ஆயிரம் என்பர், ஐயாயிரம் என்பர், பத்தாயிரம் என்பர். கேட்பவரும் தலையசைப்பர். அந்த எண்ணுக்குப் பொருள் யாது, அஃது எங்கே பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எப்போது பொருளிழந்தது என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

வாட்டு என்பது ஆற்றலின் அளவு. ஒரு நொடியில் செய்யப்படும் வேலை இவ்வளவு என்று அது சொல்லும். நீராவி எந்திரத்தைச் செப்பம் செய்த சுகாத்துலாந்து அறிஞர் சேம்சு வாட்டின் பெயரை அதற்குச் சூட்ட வேண்டும் என்று 1882ஆம் ஆண்டில் வில்லியம் சீமன்சு என்பவர் பிரிட்டிஷ் அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் தலைமையுரையில் முன்மொழிந்தார். ஆனால் வாட்டு வாழ்ந்த காலத்தில் அவர் கையாண்ட அளவை குதிரைத்திறனாகும். சுரங்கங்களில் நீரிறைக்கவும் ஆலைகளைச் சுழற்றவும் அக்காலத்தில் குதிரைகளே பயன்பட்டன. எந்திரம் வாங்க வருபவன் கேட்கும் கேள்வி, “இஃது எத்தனை குதிரைக்கு ஈடு?” என்பதே. வாட்டு ஒரு குதிரையின் திறனை, ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓரடி உயரம் தூக்குவது என வரையறுத்தார். இன்றைய கணக்கில் அது 746 வாட்டு.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. சாதாரணக் குதிரை எதுவும் நாள் முழுதும் அந்த அளவுக்கு இழுக்கவல்லதன்று. ஆகவே, பத்துக் குதிரைத்திறன் என்று சொல்லி விற்கப்பட்ட எந்திரம், பத்துக் குதிரைகளின் வேலையைவிட மிகுதியாகவே செய்தது. வாங்கியவன் ஏமாறவில்லை, எதிர்பார்த்ததற்கு மேலாகவே பெற்றான். உலகின் முதல் ஆற்றல் அளவை வாங்குபவன் பக்கம் சாய்ந்திருந்தது என்பதை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளல் வேண்டும். பின்னே நாம் காணப்போகும் அளவை எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

இனி, ஒலிக்கு வருவோம். மனிதக் குரல் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதை 1739ஆம் ஆண்டில் பிலடெல்பியா நகரில் பெஞ்சமின் பிராங்கிளின் சோதித்துப் பார்த்தார். சியார்ச்சு ஒயிட்பீல்டு என்னும் சமயச் சொற்பொழிவாளர் திறந்த வெளியில் பேசிக்கொண்டிருந்தார். பிராங்கிளின் பின்னோக்கி நடந்து நடந்து, குரல் தெளிவாகக் கேட்கும் எல்லையைக் கண்டு, அதனை ஆரமாகக் கொண்ட அரைவட்டம் ஒன்றைக் கற்பனை செய்து, ஒருவர் நிற்க இரண்டு சதுர அடி எனக் கொண்டு வகுத்தார். 30,000 பேருக்கு மேல் கேட்க இயலும் என்று விடை வந்தது. இதுவும் ஒரு கூப்பிடு கணக்கே. ஆனால் அவ்வளவு தொலைவு எட்டிய அக்குரலின் ஆற்றலை வாட்டில் சொன்னால் வியப்பு மேலிடும். அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ஆர்வி பிளெச்சர் முதலிய அறிஞர்கள் 1920களில் ஆராய்ந்தபோது, நாம் இயல்பாகப் பேசும் பேச்சின் சராசரி ஒலியாற்றல் ஒரு வாட்டில் லட்சத்தில் ஒரு பங்கு என்று கண்டனர். உரத்துக் கூவினாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே. பெரிய மேற்கத்திய வாத்தியக் குழு முழுவதும் ஒருங்கே உச்சத்தில் முழங்கும் கணத்தில்தான் ஏறத்தாழ 70 வாட்டு ஒலியாற்றல் பிறக்கும் என்றும் அக்கூடத்தார் அளந்தனர். செவி அத்துணை நுண்ணிய கருவி. அதற்கு ஆயிரக்கணக்கான வாட்டு எதற்கு என்னும் ஐயம் இங்கேயே எழல் வேண்டும்.

விடை, மின்சாரத்தில் அளக்கும் வாட்டும் ஒலியில் அளக்கும் வாட்டும் ஒன்றல்ல என்பதாகும். பெருக்கியிலிருந்து மின்னாற்றல் ஒலிபெருக்கிக்குச் செல்கின்றது. அதில் மிகச் சிறு பகுதியே ஒலியாகிறது. எஞ்சியது வெப்பமாய்ப் போகின்றது. காகிதக் கூம்பு கொண்ட சாதாரண வீட்டு ஒலிபெருக்கியில் நூற்றில் ஒன்றுக்கும் குறைவான பங்கே ஒலியாகும். 100 வாட்டு கொடுத்தால் ஒரு வாட்டுக் கூட ஒலியாய் வெளிவராது. ஆனால் உலோகக் கூம்பு பொருத்திய ஒலிபெருக்கியின் நிலை வேறு. கூம்பு, சிறு தகட்டின் அதிர்வை வெளிக்காற்றோடு நன்கு இணைத்து வைக்கின்றது. கையைக் குவித்து வாயருகே வைத்துக் கூவுவதும் இத்தத்துவமே. 1928இல் வெண்ட்டு, துராசு என்னும் பெல் ஆய்வுக்கூட அறிஞர் இருவர், பேசும் படக் கொட்டகைகளுக்காகத் தாம் அமைத்த கூம்பு ஒலிபெருக்கி மின்னாற்றலில் ஏறத்தாழப் பாதியை ஒலியாக மாற்றுவதாக வெளியிட்டனர். அக்காலப் பெரும் படக்கொட்டகைகள் சில வாட்டு ஆற்றலிலேயே நிரம்பியதன் காரணம் இதுவே.

பெருக்கியின் வரலாறு அமெரிக்கரான இலீ டி பாரசுட்டு 1906இல் ஆடியன் என்னும் வெற்றிடக் குழாயை அமைத்ததோடு தொடங்குகின்றது. சிறிய மின்னசைவைப் பெரிய மின்னசைவாக்கும் வழி அதனால் பிறந்தது. கலிபோர்னியாவில் பீட்டர் சென்சன், எட்வின் பிரிடாம் இருவரும் அமைத்த ஒலிபெருக்கி 1915ஆம் ஆண்டு கிறித்துமசு முன்னாள் மாலை, சான்பிரான்சிசுக்கோ நகர மண்டபத்தின் முன் கூடிய பெருங்கூட்டத்திற்குப் பேச்சையும் பாட்டையும் கேட்கச் செய்தது. கூடியவர் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் என்பர். 1919 செப்டம்பரில் அமெரிக்கத் தலைவர் உட்ரோ வில்சன் சாண்டியாகோ விளையாட்டரங்கில் அதன் வாயிலாகவே பேசினார். இந்தியாவில் 1930களில் காங்கிரசு மேடைகளில் சிகாகோ ரேடியோ என்னும் நிறுவனப் பெயர் பொறித்த ஒலிவாங்கிகள் காணப்பட்டன. அண்ணல் காந்தியின் நிழற்படங்கள் பலவற்றில் அப்பெயரை இன்றும் படிக்கலாம். 1931இல் காளிதாசு வெளிவந்து தமிழும் திரையில் பேசத் தொடங்கியது. தமிழ் மேடையின் போக்கு இதன்பின் மாறியது என்பதைத் தமிழாசிரியர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அடிவயிற்றிலிருந்து எழுப்ப வேண்டிய குரலை மெல்ல எழுப்பி, அடுக்குமொழியையும் இடைவிடும் மௌனத்தையும் கையாள இடம் கிடைத்தது ஒலிவாங்கியினால்தான்.

மலாயாவில் வானொலி 1920களில் ஆர்வலர் கழகங்களால் தொடங்கப்பட்டு, 1946 ஏப்ரலில் மலாயா வானொலியாக நிலைபெற்றது. 1949இல் கோலாலம்பூரில் ரீடிபியூசன் என்னும் கம்பிவழி ஒலிபரப்பும் வந்தது. கடைகளிலும் வீடுகளிலும் ஒரு சிறு பெட்டி. அதில் ஒலிபெருக்கியன்றி வேறொன்றும் இல்லை. நிலையத்திலிருக்கும் பெரிய பெருக்கியின் ஆற்றல் கம்பி வழியே ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குப் பங்கிடப்பட்டது. ஒரு பெட்டிக்கு ஒரு வாட்டுக் கூட வேண்டியிருக்கவில்லை. ஆயினும் கடைக்காரர் வேலை செய்துகொண்டே கதையும் பாட்டும் கேட்டு மகிழ்ந்தனர்.

தோட்டங்களுக்கு ஒலிபெருக்கி வந்த வழி கவனிக்கத்தக்கது. 1948 சூன் 16ஆம் நாள் பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத் துரைமார் மூவர் கொல்லப்பட்டதை அடுத்து அவசரகாலம் பிறந்தது. 1960 சூலை வரை நீடித்தது. அக்காலத்தில் செய்தித் துறையின் நடமாடும் வண்டிகள் தோட்டந்தோறும் சென்றன. பகலில் அறிவிப்பு, இரவில் திறந்த வெளியில் படக்காட்சி. வண்டியின் கூரையில் கூம்பு ஒலிபெருக்கி. காட்டிலிருந்தவரைச் சரணடையும்படி அழைப்பதற்கு 1950களில் டக்கோட்டா, ஆசுட்டர் விமானங்களில் ஒலிபெருக்கிகளைப் பொருத்திக் காட்டின் மேல் மெல்லப் பறக்கவிட்டனர். வானத்திலிருந்து மனிதக் குரல் வருவது கேட்டுத் திகைத்ததாக அக்காலத்து முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒலிபெருக்கி மிகுந்த ஆற்றலை விழுங்கும் இடம் இத்தகையது. தொலைவு இரட்டித்தால் ஒலியின் செறிவு நான்கில் ஒன்றாகும். மும்மடங்கானால் ஒன்பதில் ஒன்று. பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து, விமானப் பொறியின் இரைச்சலையும் மீறி, இலைச்செறிவை ஊடுருவிச் சொற்கள் தெளிவாக விழ வேண்டுமாயின், அங்கே நூற்றுக்கணக்கான வாட்டு வீணன்று.

தோட்டத்து ஆலயங்களில் நின்ற கருவியோ மிக எளியது. 1970களில் நாங்கள் சிறுவராயிருந்தபோது கண்டது அது. இரும்புப் பெட்டிக்குள் கண்ணாடிக் குழாய்கள் செந்நிறமாய்க் கனலும் பெருக்கி. அதன் ஆற்றல் 30 வாட்டு. மூங்கிற் கழியிலோ தென்னையிலோ கட்டிய கூம்புகள் இரண்டு. பல லயங்களில் தோட்டத்து ஆலை எந்திரம் ஓடும் சில மணி நேரமே மின்சாரம் உண்டு. மற்ற நேரங்களில் கார் பேட்டரியில் ஓடும் பெருக்கியைக் கொண்டு வருவர். விடியற்காலையில் சீர்காழி கோவிந்தராசன், டி. எம். சௌந்தரராசன், பெங்களூர் இரமணியம்மாள் ஆகியோர் குரல் மலைச்சரிவு வரை சென்றது. பால் வெட்டுவோர் தம் நிரையில் நின்றபடியே கேட்டனர். 30 வாட்டு இவ்வளவு தொலைவு சென்றது எவ்வாறு?

இதற்கு டெசிபல் என்னும் அளவை வேண்டும். தொலைபேசிக் கம்பியில் ஏற்படும் ஆற்றல் இழப்பை அளக்க 1920களில் பெல் நிறுவனத்தார் வகுத்தது அது. தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லின் பெயரால் அமைந்தது. ஆற்றல் இரட்டித்தால் 3 டெசிபல் ஏறும். பதின்மடங்கானால் 10 டெசிபல். நூறு மடங்கானால் 20. நம் செவியோ, ஆற்றல் பதின்மடங்கானால்தான் ஒலி இருமடங்காயிற்று என்று உணரும். 50 வாட்டுக் கருவியை விற்றுவிட்டு 100 வாட்டுக் கருவியை வாங்கினவன் பெறுவது வெறும் 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் தெரியும் வேறுபாடு, அவ்வளவே. கடைக்காரர் இதனைச் சொல்வதில்லை.

ஒலிபெருக்கிக்கு ஒரு வாட்டு கொடுத்து ஒரு மீட்டர் முன்னே நின்று அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பதே அதன் உணர்திறன். நல்ல கூம்பு ஏறத்தாழ 108 டெசிபல் தரும். வீட்டுப் பெட்டி 88 தரும். இடைவெளி 20 டெசிபல். அதாவது நூறு மடங்கு ஆற்றல். கூம்பு 30 வாட்டில் செய்ததை அப்பெட்டி செய்ய வேண்டுமாயின் 3,000 வாட்டு வேண்டும். அவ்வளவு தாங்கும் முன்னரே அதன் கம்பிச்சுருள் கருகிப் போகும். ஆகவே, வாட்டு என்னும் எண் தனியே நின்று ஒன்றையும் சொல்வதில்லை. உணர்திறனைச் சேர்த்துச் சொன்னால்தான் பொருள் முற்றுப்பெறும். எழுவாய் இல்லாத பயனிலை போன்றது வெறும் வாட்டுக் கணக்கு.

கூம்புக்குக் குறையும் உண்டு. அடித்தொனிகளை அது விழுங்கிவிடும். தவிலின் தொப்பியோசையும் உறுமியின் முழக்கமும் அதில் வாரா. பாடகரின் குரல் மூக்கால் பாடுவது போல் ஒலிக்கும். ஆனால் சொற்களின் தெளிவுக்கு வேண்டிய மெய்யெழுத்தொலிகள் உயர்தொனியில் நிற்பவை. அவற்றைக் கூம்பு கைவிடுவதில்லை. அறிவிப்புக்கு ஏற்றது அதுவே.

கம்பியிலும் ஒரு நுட்பம் அமைந்திருந்தது. பெருக்கி ஆலயத்தில், கூம்பு மூன்றாம் லயத்தின் முனையில். இடையே 200, 300 மீட்டர் மெல்லிய கம்பி. 30 வாட்டை 8 ஓம் ஒலிபெருக்கிக்கு நேரே அனுப்பினால் கம்பியில் ஏறத்தாழ 2 ஆம்பியர் மின்னோட்டம் பாயும். கம்பியே பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதனால் பெருக்கியில் மின்னழுத்தத்தை 100 வோல்ட்டாக உயர்த்தி அனுப்பிக் கூம்பினருகே சிறு மின்மாற்றியால் தாழ்த்தினர். அப்போது மின்னோட்டம் 0.3 ஆம்பியரே. கம்பியிழப்பு மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், இழப்பு ஏறத்தாழ நாற்பதில் ஒரு பங்காகக் குறைந்தது. சண்டரோ அணையில் 1930 முதல் பிறந்த மின்சாரம் கிந்தா ஈயச் சுரங்கங்களுக்கு உயர் மின்னழுத்தத்தில் சென்றதற்கும், தோட்டத்துக் கூம்புக்குப் பாட்டு சென்றதற்கும் தத்துவம் ஒன்றே. ஆறாம் ஆண்டு மாணவர்க்குக்கூட இதனைக் கரும்பலகையில் விளக்கிவிடலாம்.

இவ்வாறு நேர்மையாய் நின்ற எண் பின்னர் எவ்வாறு ஊதிப் பெருத்தது? 1947 ஏப்ரலில் இங்கிலாந்தின் வயர்லெசு வோர்ல்டு இதழில் வில்லியம்சன் என்பவர் ஒரு பெருக்கியின் அமைப்பை வெளியிட்டார். அதன் ஆற்றல் 15 வாட்டு. ஒலித்திரிபு ஆயிரத்தில் ஒன்றே. உலகெங்கும் ஆர்வலர் அதனைத் தம் கையாலேயே செய்து மகிழ்ந்தனர். 15 வாட்டு போதும் என்று அன்று அறிந்தோர் அமைதியுற்றிருந்தனர். வீட்டு இசைக்கருவி பெரும் வணிகமான பின்னர்ப் போட்டி மூண்டது. போட்டிக்கு எளிய கருவி எண். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்க உற்பத்தியாளர் ‘இசை ஆற்றல்’ என ஒன்றை வகுத்தனர். இசையில் உச்சம் கண நேரமே நிற்கும். அக்கணத்தில் பெருக்கியின் உள்ளே சேமித்த மின்னூட்டம் கைகொடுப்பதால், தொடர்ந்து தருவதைவிடச் சற்று மிகுதியாகத் தரும். இதில் உண்மை உண்டு; முற்றிலும் பொய்யென்று தள்ளல் கூடாது. ஆனால் கதவு திறந்தது.

ஒரு கணக்கைப் பாருங்கள். 8 ஓம் தடையில் 20 வோல்ட்டு தொடர்ந்து தரும் பெருக்கி ஒன்று. இருபதின் இருமடி 400. எட்டால் வகுக்க 50 வாட்டு. இதுவே நேர்மையான அளவு. இந்த 20 வோல்ட்டு என்பது ஏறியிறங்கும் அலையின் ஒருவகைச் சராசரி. அலையின் உச்சி 28 வோல்ட்டைக் கடக்கும். உச்சியைக் கொண்டு கணக்கிட்டால் 100 வாட்டு. இடம், வலம் இரண்டையும் கூட்டினால் 200. 8 ஓமுக்குப் பதில் 4 ஓம் என்று கொண்டால் 400. ஒலி கரகரக்கும்வரை முடுக்கிப் பத்து விழுக்காடு திரிபுக்கு இடம் கொடுத்தால் 500. பெருக்கி மாறவில்லை, கம்பி மாறவில்லை, 50 மட்டும் 500 ஆயிற்று. இதில் இடையே ஓர் இலக்கணப் பிழையும் புகுந்தது. ஆர்.எம்.எஸ். என்பது மின்னழுத்தத்திற்குரிய அடை. அதனைக் கொண்டு பெறும் ஆற்றல் வெறும் சராசரி ஆற்றல். ‘ஆர்.எம்.எஸ். வாட்டு’ என்னும் தொடர் அறிவியலில் வழு. ஆயினும் வழக்கில் நிலைத்துவிட்டமையால் வழுவமைதியாகக் கொள்வோம்.

இந்நிலை கண்டு அமெரிக்க அரசின் வணிக ஆணையம் 1974இல் ஒரு விதி செய்தது. அவ்வாண்டு நவம்பரில் அது நடைமுறைக்கு வந்தது. வீட்டுப் பெருக்கியின் ஆற்றலை விளம்பரம் செய்வோர் இன்ன தடையில், இன்ன அதிர்வெண்ணிலிருந்து இன்ன அதிர்வெண் வரை, இன்ன திரிபுக்கு உட்பட்டு, ஒவ்வொரு பக்கத்திற்கும் தொடர்ந்து இத்தனை வாட்டு என்று சொல்ல வேண்டும். அதற்குமுன் குறித்த ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் கருவியை ஓடவிட வேண்டும். மூன்றில் ஒன்றுதானே என்று எண்ணற்க. பழைய வகைப் பெருக்கிகள் மிகுதியாக வெப்பமுறுவது முழு ஆற்றலில் அன்று, ஏறத்தாழ அந்த அளவில்தான். குளிர்விக்கும் உலோகத் தகட்டில் சிக்கனம் செய்தவரின் கருவி அந்த ஒரு மணி நேரத்தில் தோற்றது. விதி வந்ததும் விளம்பர எண்கள் சுருங்கின. 2000ஆம் ஆண்டில் அந்தச் சூடேற்றம் எட்டில் ஒரு பங்காகத் தளர்த்தப்பட்டது. 2024இல் விதி மீண்டும் இறுக்கப்பட்டு ஆகசுட்டில் நடைமுறைக்கு வந்தது. 8 ஓம் தடை. 20 முதல் 20,000 ஹெர்ட்சு வரை. திரிபும் இரைச்சலும் சேர்ந்து ஒரு விழுக்காட்டிற்குள். ஐந்து நிமிடத் தொடர் ஓட்டம். இவையே இன்று அங்குள்ள அளவுகோல்.

அவ்விதி அமெரிக்க எல்லைக்குள் நின்றது. ஆசியச் சந்தைகளில் 1990களில் பி.எம்.பி.ஓ. என்னும் மூன்றாம் பிறவி எடுத்தது எண். ‘உச்ச இசை ஆற்றல் வெளியீடு’ என்று அதன் விரிவு. இதற்கு எந்த நாட்டிலும் எந்தக் கழகத்திலும் வரையறை இல்லை. கையில் தூக்கிச் செல்லும் வானொலிப் பெட்டியிலும் ஆயிரம் வாட்டு என்று ஒட்டுத்தாள் மின்னியது.

அக்காலத்தில் தோட்டத்து ஆலயம் ஒன்றில் நிகழ்ந்ததைச் சொல்கிறேன். பழைய 30 வாட்டுப் பெருக்கியையும் கூம்புகளையும் பண்டக அறையில் போட்டுவிட்டு, உறுப்பினரிடம் திரட்டிய பணத்தில், 5,000 வாட்டு என்று எழுதியிருந்த இரண்டு பெட்டிகளைக் குழுவினர் நகரத்தில் வாங்கி வந்தனர். தீமிதித் திருநாளன்று கூட்டத்தில் நான்கு வயதுக் குழந்தை ஒன்று தாயைப் பிரிந்துவிட்டது. அறிவிப்புச் செய்தனர். ஆலயத்தின் முன் நின்றவர்க்கு நெஞ்சதிரக் கேட்டது. 200 மீட்டருக்கு அப்பால் பந்துத் திடலில் நின்றவர்க்கு முழக்கம் வந்ததேயன்றிச் சொல் வரவில்லை. குழந்தை அத்திடலின் ஓரத்தில்தான் அழுதுகொண்டிருந்தது. கண்டெடுக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. தாயின் நிலையை எழுத வேண்டுவதில்லை. மறுநாள் இளைஞர் ஒருவர் கூம்பைத் திரும்பக் கட்டினார்.

அப்பெட்டியின் பின்புறத் தகட்டில் 240 வோல்ட்டு, 80 வாட்டு என்று அச்சாகியிருந்தது. மின்சாரத்திலிருந்து அது பெறுவதே 80. சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? கண நேர உச்சத்திற்குச் சேமிப்பு உதவும் என்று வாதிடுவோரும் உண்டு. அதற்கும் விடை உண்டு. 8 ஓம் தடையில் 5,000 வாட்டு பிறக்க வேண்டுமாயின் 200 வோல்ட்டு வேண்டும். அத்தகைய பெட்டிக்குள்ளே இருப்பதோ முப்பது நாற்பது வோல்ட்டு மின்வழங்கி. இல்லாத மின்னழுத்தம் கண நேரத்திற்கும் பிறவாது. வீட்டுச் சுவரிலுள்ள 13 ஆம்பியர்ச் செருகியே 240 வோல்ட்டில் தொடர்ந்து தரவல்லது 3,120 வாட்டுத்தான். இக்கணக்கைப் பள்ளியில் மாணவரிடம் கொடுத்தேன். அவர்கள் தத்தம் வீட்டுப் பெட்டிகளின் பின்புறத்தைப் படித்து வந்து வகுப்பில் சொன்னார்கள். முன்புறத்தில் இருந்த எண்ணும் பின்புறத்தில் இருந்த எண்ணும் ஒத்த பெட்டி ஒன்றுமில்லை. பெருக்கல் வாய்பாட்டை அவ்வளவு ஆர்வத்தோடு அவர்கள் அதற்குமுன் கையாண்டதில்லை.

மெய்யாகவே பெரிய ஆற்றலுடைய கருவிகளும் இன்று உண்டு என்பதை மறுத்தல் கூடாது. தொண்ணூறு விழுக்காட்டை எட்டும் செயல்திறன் கொண்ட புதுவகைப் பெருக்கிகள் ஒரு மனிதர் தூக்கும் எடையில் ஆயிரம் வாட்டுக்கு மேல் தொடர்ந்து தருகின்றன. ஈப்போவில் தைப்பூசத்தன்று புந்தோங் மாரியம்மன் ஆலயத்திலிருந்து குனோங் சீரோ சுப்பிரமணியர் ஆலயத்திற்குக் காவடிகள் செல்லும்போது, உறுமியின் அடித்தொனியைச் சாலையில் முழங்கச் செய்ய அத்தகைய ஆற்றல் வேண்டியிருக்கலாம். அடித்தொனியே ஆற்றலை மிகுதியாக உண்பது. ஆனால் அங்கே வேறொரு கணக்கு வந்து நிற்கிறது. கூம்பு 30 வாட்டில் ஒரு மீட்டரில் 123 டெசிபல் தரும்; 10 மீட்டரில் 103; 100 மீட்டரில் 83. தோட்டத்தில் கூம்புக்கு நேரே நிற்பவர் இல்லை, உயரே கட்டியிருந்தது, முதல் லயமே தொலைவில் இருந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் மக்கள் தாமான்களுக்குக் குடிபெயர்ந்த பின்னர், ஆலயமும் உடன் வந்தது. கூம்பும் உடன் வந்தது. இப்பொழுது அடுத்த வீட்டுச் சன்னல் 10 மீட்டரில் இருக்கின்றது. மலேசியாவின் 2019ஆம் ஆண்டுத் தொழிலிட இரைச்சல் விதிமுறை, ஒரு நாள் வேலைநேரத்திற்கு 85 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளது. 3 டெசிபல் ஏற ஏற நேரம் பாதியாக வேண்டும் என்பது செவிநல அறிஞர் கருத்து. அவ்வாறு குறைத்துக்கொண்டே போனால் 103 டெசிபலுக்கு எட்டு நிமிடமும் இல்லை. விதி தொழிற்சாலைக்குரியது, சன்னலுக்குள் தொட்டிலில் கிடக்கும் குழந்தையின் செவிக்கு அதைவிடத் தாராளமான எல்லை இருக்கக் காரணமில்லை.

வாங்குவோர்க்கு இந்நாட்டில் துணை உண்டா என்று கேட்கலாம். ஒலிபெருக்கிக்கென்று தனி விதி செய்யும் அமெரிக்க முறை இங்கு இல்லை. பொதுச் சட்டங்கள் உண்டு. பொருளின் அளவையோ தரத்தையோ பற்றிப் பொய்யாக விவரிப்பதை 2011ஆம் ஆண்டு வணிக விவரிப்புச் சட்டம் குற்றமாக்குகின்றது. வீட்டுப் பயன்பாட்டிற்கு வாங்கியவர் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த தீர்ப்பாயத்தில் முறையிடலாம். வழக்குரைஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 ரிங்கிட். முறையிடச் செல்வோர் பற்றுச்சீட்டோடு, பெட்டியின் முன்புறத்தையும் பின்புறத் தகட்டையும் ஒரே அளவில் படமெடுத்து உடன் கொண்டு செல்வது நன்று.